கோழிக் காட்சிகளில் நடுவர் தீர்ப்பும் பரிசும்

(நீலகிரி விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதியது)

நீலகிரி மலைவாசிகளுக்குக் காட்சியும் பரிசும் புதியன அல்ல. 1848-ம் வருஷத்தில் உதகமண்டலத்தில் அமைக்கப்பட்ட அரசாங்கத் தாவரத் தோட்டத்தில் 1896-ம் வருஷத்தில் தொடங்கிய மலர்க் காட்சி இன்றும் நடைபெறுகிறது. குன்னூர் ஸிம்ஸ் பூங்காவில் பழக் காட்சியும், கோத்தகிரியில் காய்கறிக் காட்சியும், உதகையில் நாய்க் காட்சியும் கோடைப் பருவத்தில் நடத்தப்படுகின்றன. ஒரு தட்டு ஆரஞ்சுக்கோ ஒரு கூடை முட்டைக்கோஸுக்கோ கோப்பை கொடுக்கப்பட்டால், அது எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதை நம் விவசாயிகள் பார்த்த மாத்திரத்தில் அறிந்துகொள்ளுகிறார்கள்.

கோழி விஷயம் அப்படியன்று. சமவெளியில் நடைபெறும் காட்சிகளுக்குச் செல்லும் மிராசுதாரர்கள் சிலர், கூண்டின்மேல் முதற்பரிசுச் சீட்டுத் தொங்குவதைக் கண்டு, அக்கோழியே முட்டையிலும் மாமிசத்திலும் முதன்மையானது என்று எண்ணி, பன்மடங்கு விலை கொடுத்து மலைக்குக் கொண்டுவருகிறார்கள். வருஷம் ஒன்று கழிந்தபின், "பரிசு பெற்ற கோழியாயிற்றே, இதன் குஞ்சுகள் ஏன் நன்றாக முட்டையிடவில்லை?" என்று வினவுகிறார்கள். இதில் கோழியின் மேலும் குற்றமில்லை. நடுவரின் மேலும் குற்றமில்லை. நடுவர் விடையளித்த கேள்வி வேறு. வாங்கியவர் மனத்திலிருந்த கேள்வி வேறு. ஆகவே நடுவரிடம் கேட்கப்படும் கேள்வி யாது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுதல் நலம்.

மாடு வாங்குகிறவர் சுழி பார்ப்பதும், கொம்பும் திமிலும் பார்ப்பதும் நமக்குத் தெரிந்ததே. அதுபோல ஜாதிக் கோழி ஒவ்வொன்றுக்கும் அங்க லட்சணங்கள் விதிக்கப்பட்டிருக்கின்றன. இவ்விதிகள் உண்டான வரலாறு சுவையானது. இங்கிலாந்தில் 1835, 1849 ஆகிய வருஷங்களில் செய்யப்பட்ட சட்டங்களால் சேவற்சண்டை ஒடுக்கப்பட்டது. சண்டைக் களத்தை இழந்தவர்களில் பலர் கோழியின் அழகில் போட்டியிடத் தொடங்கினார்கள். 1845-ம் வருஷத்தில் லண்டன் மிருகக்காட்சித் தோட்டத்தில் கோழிக் காட்சி ஒன்று நடைபெற்றது. ஆரம்பத்தில் எழுதிவைத்த விதி இல்லாமையால், ஒரு நடுவர் கொண்டாடிய கோழியை மற்றொருவர் தள்ளுவார். வீண் சச்சரவு மிகுந்தது. இதை ஒழிக்கும்பொருட்டு 1865-ல் இங்கிலாந்திலும், 1874-ல் அமெரிக்காவிலும் லட்சணப் புத்தகங்கள் வெளியிடப்பட்டன. லெகார்ன், ரோட் ஐலண்ட் ரெட், பிளிமத் ராக் முதலிய அயல்நாட்டு ஜாதிகளுக்கு இப்புத்தக வழியில் வந்த விதிகளே ஆதாரம்.

நடுவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: "என் முன்னுள்ள கோழிகளில் எது, இன்றைய தினத்தில், புத்தகத்திற் கண்ட வடிவத்துக்கு மிகவும் நெருங்கியிருக்கிறது?" இதில் "என் முன்னுள்ள" என்பதும், "இன்றைய தினத்தில்" என்பதும் கவனிக்கத்தக்கவை. இரண்டு கோழிகள் மட்டும் வந்த பிரிவில் கிடைத்த முதற்பரிசும், நாற்பது கோழிகள் வந்த பிரிவில் கிடைத்த முதற்பரிசும் சீட்டில் ஒன்றுபோலவே இருக்கும். பரிசுக் கோழியை விலைபேசுகிறவர்கள், அப்பிரிவில் எத்தனை கோழிகள் போட்டியிட்டன என்று விசாரியாமல் பணத்தை எடுத்தலாகாது. சீட்டின் நிறத்தையும் நம்பவேண்டாம். அமெரிக்காவில் முதற்பரிசுக்கு நீல நாடா. இங்கிலாந்தில் சிவப்புச் சீட்டு. நம் நாட்டில் காட்சி நடத்துவோர் எந்த வழக்கத்தை மேற்கொண்டார்கள் என்பதைக் கேட்டறிய வேண்டும்.

போட்டி படிப்படியாக ஏறுகிறது. ஒவ்வொரு ஜாதியும் நிறத்தாலோ கொண்டையாலோ வகைகளாகப் பிரிக்கப்படும். லெகார்ன் ஒரு ஜாதி. வெள்ளை லெகார்ன் அதில் ஒரு வகை. ஒவ்வொரு வகையிலும் நான்கு பிரிவுகள் உண்டு. ஒரு வயதும் அதற்கு மேலும் ஆனவை சேவலும் பெட்டையும். ஒரு வயதுக்கு உட்பட்டவை இளஞ்சேவலும் விடைக்கோழியும். இந்நான்கு பிரிவுகளிலும் முதலாக வந்தவை தம்முள் போட்டியிட்டு, வகையில் சிறந்தது தேர்ந்தெடுக்கப்படும். வகைகளில் சிறந்தவை போட்டியிட்டு ஜாதியிற் சிறந்தது தேறும். பிறகு பல ஜாதிகளுக்குள்ளே போட்டி நடந்து, முடிவில் காட்சி முழுவதற்கும் ஒரு தலைக்கோழி தேறும். இக்கடைசிப் படியில் சேவலோடு விடைக்கோழியும், பெரிய பிளிமத் ராக்கோடு சிறிய பாண்டம் கோழியும் எதிர்நிற்கும். அங்கே நடுவர் பார்ப்பது, ஒவ்வொன்றும் தன் தன் லட்சணத்துக்கு எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்பதையே. பிரிவில் எக்கோழியும் தகுதியுடையதன்று என்று கண்டால் முதற்பரிசை வழங்காமலே நிறுத்திவைக்கவும் அநேக காட்சிகளில் நடுவருக்கு அதிகாரம் உண்டு.

நடுவர் வேலை செய்யும் முறையை நின்று பார்ப்பவர்கள் அதிகம் கற்றுக்கொள்ளலாம். முதலில் அவர் கூண்டுக்குச் சற்று விலகி நின்று, கோழி தானாக நிற்கும் நிலையைப் பார்க்கிறார். முதுகின் சாய்வு, வாலின் கோணம், மார்பின் அகலம், காலின் நிற்கை இவை கையில் பிடித்தால் தெரியா. மனிதரைக் கண்டு மூலையில் பதுங்கும் கோழி, எவ்வளவு நல்ல ஜாதியாயினும், இந்த நிலையிலேயே தோற்றுப்போகும். ஆகையால் காட்சிக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே கோழியைக் கூண்டில் விட்டுப் பழக்குதல் அவசியம். பிறகு நடுவர் அதைக் கையிலெடுத்து, இறகை விரித்து, மார்பெலும்பைத் தடவி, பேன் உண்டா என்று எச்சத்துவாரத்தைச் சுற்றிலும் பார்த்து, சந்தேகம் தோன்றினால் நிறுத்தும் பார்க்கிறார். அமெரிக்க விதிப்படி ரோட் ஐலண்ட் ரெட் சேவல் 8½ ராத்தலும் (சுமார் 3.9 கிலோ) பெட்டை 6½ ராத்தலும், லெகார்ன் சேவல் 6 ராத்தலும் பெட்டை 4½ ராத்தலும் இருத்தல் வேண்டும்.

குறை வேறு, தகுதியின்மை வேறு. கொண்டையின் முனைகள் சீராக இல்லாமை, நிறம் சற்று மங்கியிருத்தல் முதலியன குறைகள். இவற்றுக்கு மதிப்புக் குறைக்கப்படும். நேர்க்கொண்டையின் பக்கத்தில் சிறு கிளை புறப்பட்டிருத்தல், வால் ஒரு பக்கமாகக் கோணியிருத்தல், இறகற்ற காலுடையதென விதிக்கப்பட்ட ஜாதியில் காலில் சிறு தூவி முளைத்திருத்தல் முதலியன தகுதியின்மை. இவற்றுள் ஒன்று இருந்தாலும் மற்ற எல்லா அழகும் பயன்படாது. கோழி போட்டியிலிருந்து நீக்கப்படும். காலில் முளைத்த தூவியைப் பிடுங்கிவிடுவது, காதுமடலுக்கு வெள்ளை பூசுவது, இறகுக்குச் சாயமேற்றுவது ஆகியவை மோசடி. கால்களைக் கழுவித் துடைப்பதும், வெள்ளைக் கோழியை வெந்நீரில் குளிப்பாட்டிக் காயவைப்பதும் மோசடியல்ல. நம் மலையில் கோழியைக் குளிப்பாட்டுகிறவர்கள் அடுப்படியின் உஷ்ணத்தில் நன்றாகக் காயவைக்காமல் வெளியில் விட்டால், காட்சிக்கு முன்பே சளி பிடித்துக்கொள்ளும்.

தீர்ப்பளிப்பதில் இரு முறைகள் வழங்கிவருகின்றன. ஒவ்வோர் அங்கத்துக்கும் இத்தனை மதிப்பு என்று நூறு மதிப்புகளைப் பங்கிட்டுச் சீட்டில் குறித்துக் கூட்டுவது பழைய முறை. கோழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வரிசைப்படுத்துவது இப்போது பெரும்பாலும் வழங்கும் முறை. பின்னது விரைவில் முடிகிறது; ஆனால் தோற்றவனுக்குத் தன் கோழி ஏன் தோற்றது என்பதை அது சொல்வதில்லை. கற்றுக்கொள்ள வரும் கிராமவாசிகளுக்கு மதிப்புச் சீட்டே பயனுடையது என்பது என் அபிப்பிராயம். மூன்றாவதாக டென்மார்க் முறை என்று ஒன்றுண்டு. அதில் கோழிகள் ஒன்றுக்கொன்று போட்டியிடாமல், தரத்துக்கு எட்டிய ஒவ்வொன்றும் முதல் தரம், இரண்டாம் தரம் என்று சீட்டுப் பெறும்.

இனி, லட்சணப் புத்தகம் காணாத விஷயங்களுக்கு வருவோம். நம் விவசாயிகளின் பணம் நஷ்டமாவது இங்கேதான்.

1886-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் கெண்ட் பிரதேசத்தைச் சேர்ந்த வில்லியம் குக் என்பவர், முட்டைக்கும் மாமிசத்துக்கும் பயன்படும்படியாகக் கறுப்பு ஆர்ப்பிங்டன் என்னும் ஜாதியை உண்டாக்கினார். சில வருஷங்களுக்குள் காட்சிக்காரர்கள் அதைப் பெருந்தோற்றமும் மெத்தென்ற அடர்ந்த இறகும் உடையதாக வளர்க்கத் தலைப்பட்டார்கள். நடுவர்கள் அத்தோற்றத்துக்கே பரிசளித்தார்கள், பரிசு பெற்ற சேவல்களின் குஞ்சுகளே பரவின, முட்டை குறைந்தது. அதே ஜாதியைக் கொண்டுபோன ஆஸ்திரேலியர்கள் இறகைக் கவனியாமல் முட்டையை எண்ணிவந்தார்கள். அவர்கள் வளர்த்த கிளையே இப்போது ஆஸ்ட்ரலார்ப் எனப்படுகிறது. 1922-23-ல் நடந்த ஒரு முட்டைப் போட்டியில் இந்த ஜாதியின் ஆறு பெட்டைகள் 365 நாட்களில் 1857 முட்டைகள் இட்டன. அதாவது கோழி ஒன்றுக்குச் சராசரி 309½ முட்டை. வேர் ஒன்றே; ஒரு தேசத்தில் கண்ணால் தீர்ப்பளித்தார்கள், மற்றொரு தேசத்தில் முட்டைக் கணக்கால் தீர்ப்பளித்தார்கள். எதற்குப் பரிசு கொடுக்கப்படுகிறதோ, ஜாதி அந்தப் பக்கமாகவே நகர்ந்துபோகும். பரிசுச் சீட்டு எழுதும் கிராம அதிகாரிகளும் சங்கத்தாரும் இதைச் சிந்திக்க வேண்டும்.

மற்றொரு சங்கதி அநேகருக்குத் தெரியாது. வரிப்புள்ளி பிளிமத் ராக், கபில லெகார்ன் முதலிய சில வகைகளில், புத்தகம் விதிக்கும் சேவலின் நிறமும் பெட்டையின் நிறமும் ஒரே ஜோடியிலிருந்து எளிதில் கிடைப்பதில்லை. ஆதலால் காட்சிக்காரர்கள் சேவற் பரிசுக்கு ஒரு கூட்டமும், பெட்டைப் பரிசுக்கு வேறொரு கூட்டமுமாகத் தனித்தனியே வளர்க்கும் வழக்கம் ஏற்பட்டது. இவ்வாறு வளர்க்கப்பட்ட முதற்பரிசுச் சேவலையும் முதற்பரிசுப் பெட்டையையும் வாங்கி ஒரு கூண்டில் விட்டால், பிறக்கும் குஞ்சுகள் இரண்டில் ஒன்றையும் ஒத்திரா. ஜோடியாக வாங்குகிறவர்கள், இவை இரண்டும் ஒரே கூட்டத்தில் பிறந்தவையா என்று விற்பவரைக் கேட்க வேண்டும்.

நம் மலைக்கு உரிய விசேஷம் ஒன்றையும் சொல்ல வேண்டும். லெகார்ன் சேவலுக்குப் பெரிய நேர்க்கொண்டை ஐந்து முனைகளுடன் நிமிர்ந்து நிற்கவேண்டும் என்பது விதி. உதகையிலும் சுற்றுப்புறத்துப் பள்ளங்களிலும் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுகிறது என்பதை உருளைக்கிழங்கு பயிரிடுவோருக்குச் சொல்லவேண்டியதில்லை. அப்பனியில், பெரிய கொண்டையின் நுனிகள் உறைந்து கறுத்து உதிர்ந்துவிடக்கூடும். சில காலத்துக்குச் சேவல் பெட்டையையும் அணையாது. புத்தகத்தில் அழகாக இருக்கும் உறுப்பே இங்கே தொல்லையாகிறது. தலையோடு ஒட்டிய ரோஜாக் கொண்டையுள்ள வகைகளும், நம் நாட்டுச் சண்டைச் சேவலைப்போலச் சிறிய பட்டாணிக் கொண்டையுள்ளவைகளும் குளிரைத் தாங்கும். இரவில் கூண்டை மூடிவைப்பதென்றால் ஈரக் காற்று தேங்கும்படி மூடலாகாது. ஈரமும் குளிரும் சேர்ந்தால்தான் கொண்டை அதிகம் கெடுகிறது.

அப்படியானால் முட்டைக்காக வாங்குகிறவர் எதைப் பார்ப்பது? அழகுப் பிரிவைத் தவிர "உபயோகப் பிரிவு" என்று ஒன்றை ஏற்படுத்தும் காட்சிகளும் உண்டு. அங்கே நடுவர் பெட்டையைக் கையில் பிடித்து, எச்சத்துவாரத்துக்கு இருபுறமுமுள்ள இடுப்பெலும்பு முனைகளின் நடுவே விரல் வைத்துப் பார்க்கிறார். முட்டையிட்டுக்கொண்டிருக்கும் கோழியில் இரண்டு மூன்று விரல்கள் நுழையும். முட்டையிடாததில் ஒரு விரல் நுழைவதும் அரிது. அம்முனைகளுக்கும் மார்பெலும்பின் கடைசிக்கும் நடுவே மூன்று அல்லது நான்கு விரற்கிடை இருந்து, வயிறு மிருதுவாக இருத்தல் வேண்டும். கொண்டை சிவந்து பருத்து, தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்.

மஞ்சள் தோலுள்ள லெகார்ன், ரோட் ஐலண்ட் ரெட், பிளிமத் ராக் ஆகியவற்றில் இன்னொரு சாட்சி உண்டு. தோலிலுள்ள மஞ்சள் நிறம் முட்டை இட இட வெளுத்துக்கொண்டே வரும். முதலில் எச்சத்துவாரம் சில தினங்களிலும், பிறகு கண்ணின் ஓரமும், பிறகு காதுமடலும், பிறகு அலகு ஒன்றரை இரண்டு மாதங்களிலும், கடைசியாகக் கால்கள் நாலைந்து மாதங்களிலும் வெளுக்கும். ஆகவே காலும் வெளுத்திருக்கும் கோழி பல மாதங்கள் ஓயாமல் இட்டது என்று அறியலாம். அழகுப் பிரிவில் கால் நல்ல மஞ்சளாக இருப்பதே சிறப்பு. உபயோகப் பிரிவில் அதுவே சந்தேகத்துக்கு இடம். ஒரே கோழி ஒரே நாளில் இரண்டு பிரிவிலும் முதலாக வருதல் எவ்வளவு அரிது என்பது இதனால் விளங்கும். ஆஸ்ட்ரலார்ப், ஆர்ப்பிங்டன், ஸஸெக்ஸ் ஆகியவை வெள்ளைத் தோலுள்ளவையாதலால் அவைகளுக்கு இப்பரீட்சை பொருந்தாது. இறகு உதிர்ப்பதையும் கவனிக்கலாம்: சீக்கிரம் உதிர்க்கத் தொடங்கி மெதுவாக முளைப்பிக்கும் கோழி சோம்பேறி, காலந்தாழ்த்தி உதிர்த்து விரைவில் முளைப்பிப்பதே நல்ல கோழி.

சேவலிடத்தில் இவை ஒன்றும் தெரியா. சேவல் முட்டையிடுவதில்லையாகையால், அதன் தாயும் உடன்பிறந்த பெட்டைகளும் எத்தனை இட்டன என்ற பதிவே அதற்கு நற்சாட்சிப் பத்திரம். கோழி உள்ளே புகுந்தவுடன் தானாக மூடிக்கொள்ளும் பொறிக்கூடு வைத்து, காலில் எண் வளையம் மாட்டி, கணக்கு எழுதிவைத்திருப்பவரிடம் பரிசில்லாத சேவலை வாங்குவது, கணக்கில்லாதவரிடம் கோப்பை வாங்கிய சேவலை வாங்குவதைக் காட்டிலும் மேல். அழகுக்காகவே வளர்க்கிறவர்களை நான் குறைகூறவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் பல ஜாதிகள் கலந்து மறைந்துபோயிருக்கும்.

தமிழ்நாட்டில் இக்காலத்தில் மிகுந்த ஆர்வத்துடன் நடத்தப்படுவன கிளிமூக்கு விசிறிவால் சேவல் காட்சிகளே. திண்டுக்கல் முதலிய பகுதிகளில் நடக்கும் இவைகளுக்கு வெகு தொலைவிலிருந்தும் சேவல்கள் கொண்டுவரப்படுகின்றன. கிளியின் மூக்குப்போல் வளைந்து குறுகிய அலகும், கொண்டையும், கண்ணும், கழுத்தும், உயரமும், நீண்டு விரிந்த வாலும், நிறமும் பார்க்கப்படுகின்றன. காகம், வல்லூறு, மயில், கீரி என்று நிறத்துக்கு நம் முன்னோர் வைத்த பெயர்களே இன்றும் வழங்குகின்றன. இச்சேவல்களுக்குப் பெரும் விலை சொல்லப்படுவது அந்தத் தோற்றத்துக்காகவே. சண்டைக் கோழி ஜாதிப் பெட்டைகள் குறைவாக முட்டையிடுபவை. ஆயினும் அடைகாப்பதிலும் குஞ்சைப் பாதுகாப்பதிலும் நிகரற்றவை. காட்சி என்ற பெயரால் சேவல்களைச் சண்டைக்கு ஏவிவிட்டு வேடிக்கை பார்ப்பது 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும் என்பதைக் காட்சி நடத்தும் ஊரார் அறிந்திருத்தல் வேண்டும்.

ஹட்டிகளிலும் தோட்டங்களிலும் சிறு காட்சி நடத்த விரும்புவோருக்கு ஒரு யோசனை. ஜாதி அழகுக்கு ஒரு பிரிவு வைத்தால், முட்டைக் கோழிக்கு ஒரு பிரிவையும் தவறாது வைக்கவேண்டும். பின்னதில் நூறு மதிப்புகளில் நாற்பதை மேற்சொன்ன முட்டைக் குறிகளுக்கும், இருபத்தைந்தை ஆரோக்கியத்துக்கும், இருபத்தைந்தை உடலமைப்புக்கும், பத்தை எடைக்கும் ஒதுக்கலாம். ஆறு முட்டைகள் கொண்ட தட்டுக்கு ஒரு பரிசு வைப்பது செலவற்றது. ஸ்திரீகளும் பிள்ளைகளும் ஆவலுடன் கலந்துகொள்ளுவார்கள். அதில் மிகப் பெரிய முட்டை வெல்வதில்லை. ஆறும் ஒரே அளவாய், ஒரே நிறமாய், ஓடு வழவழப்பாய் இருப்பதே வெல்லும். ஒன்றை உடைத்துப் பார்க்கும்போது வெள்ளைக் கரு பரந்து ஓடாமல் மஞ்சட் கருவைச் சுற்றித் திரண்டு நிற்கவேண்டும். நடுவராக வருபவர் தம்முடைய கோழியையோ உறவினரின் கோழியையோ போட்டிக்கு விடாதிருத்தல் வேண்டும் என்பதையும், கூண்டில் எண் மட்டும் இருக்க, உடையவர் பெயர் தீர்ப்புக்குப் பின்னரே எழுதப்படவேண்டும் என்பதையும் முன்னதாகவே விதியாக எழுதி ஒட்டிவிட்டால், பிற்பாடு மனஸ்தாபம் உண்டாகாது.

கடைசியாக நோய். பல ஊர்க் கோழிகள் ஒரு கொட்டகையில் கூடும் இடத்தில் பரிசைவிட வெள்ளைக் கழிச்சல் எளிதில் கிடைக்கும். ராணிக்கேட் நோய் எனப்படும் இது எச்சத்தாலும், கூண்டாலும், மனிதரின் பாதரட்சையாலும்கூடப் பரவும். நோய் தொற்றிய கோழி சில தினங்கள் வரை ஒரு குறியும் காட்டாமல் இருக்கும். இரண்டு வாரம் கழித்து நோய் தோன்றுவதும் உண்டு. ஆதலால் காட்சிக்குச் செல்லும் கோழிக்குக் குறைந்தது மூன்று வாரங்களுக்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் தடுப்பூசி போட்டிருத்தல் வேண்டும். காட்சி நடத்துவோர் தடுப்பூசிச் சீட்டில்லாத கோழியை வாயிலிலேயே திருப்பிவிட வேண்டும். பறவைக் காய்ச்சல் தோன்றியதாக அறிவிக்கப்பட்ட காலத்தில் காட்சியே நடத்தலாகாது. திரும்பிவந்த கோழியும், அங்கே வாங்கிய கோழியும் 21 நாட்கள் மற்றக் கோழிகளுக்கு எட்டாத இடத்தில் தனித்திருக்க வேண்டும். அவைகளுக்குத் தீனி வைப்பவர் வீட்டுக் கோழிகளுக்கு முதலில் வைத்துவிட்டுப் பின்னரே இவைகளிடம் செல்லவேண்டும். ஜூன் மாதத்தில் மழை பிடித்துவிட்டால் மலையில் கூண்டை வெயிலில் காயவைக்க இடமிராது. ஆகையால் கோடைக் காட்சிக்குச் சென்றவர்கள் திரும்பிய வாரத்திலேயே கூண்டைத் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு பூசி, நல்ல வெயிலில் காயப்போட்டு எடுத்து வைக்கவும்.